வீட்டு முயலுக்குத் துணை சேர்ப்பது எப்படி? வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்கள்

எங்களிடம் இரண்டு வயது ஆண் முயல் ஒன்று உள்ளது. நானும் கணவரும் பகல் முழுவதும் அலுவலகத்தில் இருப்பதால் அதற்குத் துணையாக இன்னொன்று வாங்க நினைக்கிறோம். ‘முயல் தனியாகவே வாழும் பிராணி, துணையெல்லாம் தேவையில்லை’ என்கிறார் என் மாமனார். யார் சொல்வது சரி? (வாசகி, மடிப்பாக்கம்)

உங்கள் மாமனார் தம் ஊர்க் காட்டில் கண்ட முயலை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். கிண்டி தேசியப் பூங்காவிலும் காணப்படும் நம் நாட்டுக் கருங்கழுத்து முயல் வளை தோண்டுவதில்லை. புல் மறைவில் பெரும்பாலும் தனித்தே திரிகிறது. நாம் வீட்டில் வளர்ப்பதோ ஐரோப்பாவில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் வேறோர் இனத்தின் வழித்தோன்றல். அதற்குத் துணை தேவை. ஆனால் அந்தத் துணையைத் தன் எல்லைக்குள் அது எளிதில் அனுமதிக்காது. துணை சேர்க்கும் வேலையின் சிரமம் முழுவதும் இந்த முரணில்தான் இருக்கிறது.

ஆகவே, புதிய முயலைத் தேடும் முன் மூன்றைச் சரிபாருங்கள். உங்கள் ஆண் முயலுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை ஆகியிருக்க வேண்டும். இரண்டாவது கூண்டுக்கு நிரந்தரமாக வீட்டில் இடம் இருக்க வேண்டும். காலையும் மாலையும் சிறிது நேரம் பல வாரங்கள் தொடர்ந்து ஒதுக்க முடிய வேண்டும். ‘சேர்ந்துவிட்டால் ஒரே கூண்டு போதுமே’ என்று பலரும் கேட்கிறார்கள். சேராமலே போகும் இணைகளும் உண்டு என்பதால், இரண்டாவது கூண்டுக்கு இடமில்லாத வீட்டில் இரண்டாவது முயல் வேண்டாம் என்பதே என் கருத்து. கருத்தடை செய்த ஆணும் கருத்தடை செய்த பெண்ணும் சேர்வது மற்ற சேர்க்கைகளைவிட எளிது.

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் ‘இரண்டும் பெண்’ என்று சொல்லிக் கொடுத்த குட்டிகளை வாங்கினோம். ஒன்றாகவே உண்டு உறங்கியவை, நான்கு மாதம் ஆனதும் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஒன்று மற்றதன் மேல் ஏறுகிறது. ஏன்? (வாசகர், பெரம்பூர்)

இன்றே இரண்டையும் தனித்தனிக் கூண்டில் விடுங்கள்; மற்றதைப் பிறகு பார்க்கலாம். ஆறு, ஏழு வாரக் குட்டிகளில் பால் வேறுபாட்டைக் கண்டறிவது பழகியவர்களுக்கே தவறிப்போகும் என்பதால், விற்றவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று கொள்ளத் தேவையில்லை. நான்கு மாதத்தில் ஐயத்துக்கு இடமில்லை: ஆணாக இருந்தால் பின்னங்கால்களுக்கு இடையே இரு புறமும் முடி குறைந்த நீண்ட விரைப்பைகள் தெரியும். அப்படியானால் மற்றது ஏற்கெனவே சினையாக இருக்கலாம். முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள்தான். குட்டி ஈன்ற அன்றே மீண்டும் சினைப்படக் கூடிய பிராணி என்பதால், ஈன்ற பிறகும் ஆணை அருகில் விடக் கூடாது.

இரண்டும் பெண்ணாகவே இருந்தாலும் இந்தத் துரத்தலில் வியப்பில்லை. குட்டிப் பருவ நட்பு பருவமடையும்போது கலைவது வழக்கம். பெண் முயல்களும் ஆதிக்கத்தைக் காட்ட ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இதற்கும் தீர்வு கருத்தடைதான். சினைப்பைகளையும் கருப்பையையும் நீக்குவதால் சண்டை குறைவதோடு, வயது ஏறஏறப் பெண் முயல்களை அதிகமாகத் தாக்கும் கருப்பைப் புற்றுநோயும் தவிர்க்கப்படுகிறது. ஆண் முயலுக்கு அறுவை முடிந்த பின்னும் நான்கு முதல் ஆறு வாரம் வரை கருவூட்டும் திறன் எஞ்சியிருக்கும். அதுவரை பெண்ணுடன் விடாதீர்கள்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: ‘முந்தைய இரவிலிருந்து பட்டினி போட வேண்டுமா?’ நாய்க்கும் பூனைக்கும் அது பொருந்தும். முயலால் வாந்தி எடுக்க இயலாது என்பதோடு, வயிறு காலியானால் அதன் குடலியக்கமே நின்றுவிடும் அபாயமும் உண்டு. ‘ஆம், பட்டினி போடுங்கள்’ என்று பதில் வந்தால் முயல்களைக் கையாண்டு பழகிய வேறு மருத்துவரைத் தேடுங்கள். வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் விசாரிக்கலாம்.

இரண்டுக்கும் கருத்தடை முடிந்து இரண்டு மாதமாகிறது. கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம். எங்களுடையது இரண்டு படுக்கையறைக் குடியிருப்பு. பழைய முயல் வீடு முழுக்கச் சுற்றிய பிராணி. ‘பொதுவான இடத்தில் சந்திக்க விடுங்கள்’ என்கிறார்கள். அப்படி ஓர் இடத்துக்கு நாங்கள் எங்கே போவது? (வாசகி, வேளச்சேரி)

முயலின் தாடைக்கு அடியில் மணச் சுரப்பிகள் உள்ளன. மேசைக்கால், கதவோரம், உங்கள் செருப்பு என எதில் தாடையைத் தேய்த்திருந்தாலும் அது அதன் சொத்துக் கணக்கில் சேர்ந்துவிடும். எனவே பழைய முயல் ஒருமுறையும் கால் வைக்காத இடமே பொதுவான இடம். உறவினர் வீட்டு அறை கிடைத்தால் நல்லது. இல்லையெனில் குளியலறையே போதும். ஆனால் வழுக்கும் டைல்ஸில் கால் பாவாமல் இரண்டும் பதறும் என்பதால், தரையைத் துடைத்து உலரவிட்டு, தடித்த ஜமக்காளம் ஒன்றை விரித்துவிடுங்கள். மொட்டை மாடியை யோசித்திருந்தால் கைவிடுங்கள். சென்னையில் வெயில் இறங்கிய பிறகும் தளத்தின் சூடு இறங்குவதில்லை.

சந்திப்புக்கு முன், கூண்டுகளுக்கு இடையே நான்கு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டி வைத்தால் கம்பி வழியாக மூக்கையும் கால்விரலையும் கடித்துவிடும். நாள்தோறும் லிட்டர் ட்ரேயையும் (முயல் கழிப்பதற்கு வைக்கும் தட்டு) படுக்கைத் துணியையும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒன்றன் கூண்டோரம் மற்றது கால்நீட்டிப் படுக்கத் தொடங்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். எதிராளியைக் கண்டதும் கம்பியில் பாயும் நிலை நீடித்தால் இன்னும் சில நாள் பொறுங்கள்.

முதல் சந்திப்புக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கோடையில் விடியற்காலையோ இரவோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் வெப்பத்தில் தவிக்கத் தொடங்கும், சண்டையின் பரபரப்பும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டு இடங்களில் புல்லைக் குவியுங்கள். அறுகம்புல்லோ கோ-4 தீவனப்புல்லோ இருந்தால் போதும். அட்டைப்பெட்டி வைப்பதாக இருந்தால் இரு புறமும் வழி வெட்டிவிடுங்கள். ஒரே வாசல் உள்ள பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும் முயல் வெளியேற வழியின்றிக் கடிபடும்.

இனி நீங்கள் பார்க்க வேண்டியது காதையும் வாலையும். காது தளர்ந்து, ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் புல்லை மென்றுகொண்டிருந்தால், ‘நட்பே இல்லையே’ என்று வருந்தாதீர்கள். அது நல்ல தொடக்கம். காது பின்னோக்கி முதுகோடு படிந்து, வால் விறைத்து நிமிர்ந்து, உடல் முன்னோக்கி நீண்டால் பாய்ச்சல் வரப்போகிறது. உடனே இடையில் புகுங்கள். வெறும் கையை நீட்ட வேண்டாம், ஆழமாகக் கடிபடுவீர்கள். ஒரு முறத்தைக் கையில் தயாராக வைத்திருந்து இரண்டுக்கும் நடுவே இறக்குவதே நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. பின்புறமாக மேலேறுவதைச் சில விநாடி அனுமதிக்கலாம். தலைப்பக்கம் ஏறினால் கீழே இருப்பது மற்றதன் பிறப்புறுப்பைக் கடித்துக் குதறிவிடலாம் என்பதால் உடனே இறக்கிவிடுங்கள்.

சந்திப்பை அமைதியாக இருக்கும்போதே முடித்துவிடுவது முக்கியம். சண்டை வந்த பிறகு பிரித்தால் அந்தச் சண்டைதான் நினைவில் நிற்கும். ஒன்று தலையைத் தாழ்த்திக் காத்திருக்க, மற்றது அதன் நெற்றியை நக்கிவிடுமானால் பாதிக்கு மேல் வென்றுவிட்டீர்கள். அதன் பின் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, உங்கள் கண்பார்வையில் 48 மணி நேரம் சண்டையின்றிக் கழிந்த பின்னரே ஒரே கூண்டில் விடுங்கள். அந்தக் கூண்டும் வினிகர் கலந்த நீரால் கழுவி, உள்ளிருக்கும் பொருள்களை இடம் மாற்றியதாக இருக்கட்டும்.

இரண்டையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டுக் காரில் நகரைச் சுற்றினால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா? (வாசகர், அண்ணா நகர்)

வேண்டாம். பயத்தில் ஒடுங்கி நிற்பதை நட்பு என்று நாம்தான் எண்ணிக்கொள்கிறோம். வீடு திரும்பியதும் பழைய பகை தொடரும். சென்னைச் சிக்னல்களில் நிற்கும் காருக்குள் வெப்பத்தாக்கு நேர்ந்தால் திரும்பக் கொண்டுவர முயலே இராது.

புதிதாக வாங்கிய முயலின் காதோரமும் மூக்கும் பொருக்குப் பொருக்காக இருக்கின்றன. பழைய முயலுடன் விடலாமா? (வாசகர், தாம்பரம்)

கட்டாயம் கூடாது. நீங்கள் சொல்வது உண்ணிப்பேன்களால் வரும் சொறி போலத் தெரிகிறது. மனிதருக்கும் அரிப்பை உண்டாக்கக் கூடியது என்பதால், தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருத்துவர் ஊசியோ தோலில் விடும் மருந்தோ கொடுப்பார். நாய்க்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. நோய் இல்லாததாகத் தோன்றும் முயலையும் இரண்டு வாரம் வேறு அறையில் வைத்து, புழுக்கையைப் பரிசோதித்து இரத்தக்கழிச்சல் நோய்க் கிருமி இல்லை என்று உறுதியான பிறகே பக்கத்துக் கூண்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

மூன்று ஆண்டுகள் ஒன்றாக இருந்த இணை. பெண் முயலைப் பல் சிகிச்சைக்காக ஓர் இரவு மருத்துவமனையில் விட்டு அழைத்துவந்தோம். ஆண் அதைக் கடிக்கிறது. (வாசகி, திருவான்மியூர்)

மருந்து வாடையோடு வந்த துணையை அதற்கு அடையாளம் தெரியவில்லை. பிரித்து வைத்து, ட்ரேயும் துணியும் மாற்றும் கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். பழைய இணை என்பதால் விரைவிலேயே சேர வாய்ப்பு அதிகம். அடுத்த முறை ஒன்றுக்குச் சிகிச்சை என்றாலும் இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்டுசெல்லுங்கள். ஒன்று இறக்க நேர்ந்தாலும், உடலை உடனே அப்புறப்படுத்தாமல் மற்றது சிறிது நேரம் முகர்ந்து பார்க்க விடுங்கள்; அதன் பிறகு அது ஒழுங்காகத் தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று கவனியுங்கள். அரை நாள் இரண்டும் நின்றிருந்தால் துக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

முயலுக்குத் துணையாகக் கினிப்பன்றி வளர்க்கலாமா? (பள்ளி மாணவி, கொளத்தூர்)

ஒரே கூண்டில் வேண்டாம். முயலின் ஓர் உதை கினிப்பன்றியின் எலும்பை முறித்துவிடும். முயல்கள் எந்த நோயும் காட்டாமல் சுமந்திருக்கும் பார்டெடெல்லா பாக்டீரியா கினிப்பன்றிக்கு நிமோனியாவை உண்டாக்கும். மேலும் கினிப்பன்றிக்கு வைட்டமின் சி நாள்தோறும் உணவிலேயே கிடைக்க வேண்டும். முயல் அதைத் தன் உடலிலேயே தயாரித்துக்கொள்வதால் முயல் தீவனத்தில் அது போதிய அளவு இராது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் தனிக் கூண்டு கொடுத்து, தினமும் சிறு துண்டு குடைமிளகாயும் கொத்தமல்லித் தழையும் போடுங்கள்.