சிறு கட்டணக் கிறிஸ்தவப் பள்ளிக்குக் கடன் கிடைப்பது ஏன் கடினம்?

மதுரைப் பக்கம் குறைந்த கட்டணத்தில் நடக்கும் கிறிஸ்தவத் தனியார் பள்ளிகள் வகுப்பறை கட்டக் கடன் வாங்குவது ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1834-இல் வந்த அமெரிக்க மிஷன் வழிப் பழைய பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர் சம்பளத்தை அரசே மானியமாகத் தருகிறது. சுயநிதிப் பள்ளிகளுக்கு அந்த ஆதரவு இல்லை. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு அரசு தரும் தொகையும் இவற்றுக்கு வராது. பள்ளியை நடத்தும் அறக்கட்டளை லாபத்தைப் பங்கிட முடியாது என்பதால் பங்கு முதலீட்டுக்கும் வழியில்லை; நன்கொடை போக மிஞ்சுவது கடன்தான். மேலூர்ப் பக்கத்து விவசாயப் பெற்றோர் பலர் நெல் அறுவடைக்குப் பிறகே கட்டணத்தைக் கட்டித் தீர்ப்பார்கள், சம்பளமோ மாதந்தோறும் போக வேண்டும், வங்கியும் மாதத் தவணையைத்தான் எதிர்பார்க்கும். ஆகவே, வட்டியில் அரை சதவீதம் குறைக்கப் பேரம் பேசுவதைவிட, கட்டணம் வரும் காலத்தை ஒட்டிய தவணையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவதுதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.