எடை ஏறின வாரம் குரூப்புக்குப் போகலாமா?

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல மூணு ஒரே விஷயத்தைச் சுத்தியே இருந்துச்சு, அதனால மூணையும் சேர்த்தே எடுத்துக்கிட்டேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமா பதில் எழுதியிருக்கேன், ஏன்னா அதே நிலைமைல நானும் நின்னிருக்கேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயசு, திருச்சி. எங்க ஏரியால ஒரு லேடீஸ் வெயிட் லாஸ் குரூப் நடக்குது, 14 பேர், சனிக்கிழமை காலைல ஒருத்தர் வீட்டு மொட்டை மாடில கூடுவோம். சேரும்போது 84 கிலோ இருந்தேன், ஆறு வாரத்துல 4 கிலோ குறைஞ்சது, எல்லாரும் கை தட்டுனாங்க. அப்புறம் நாத்தனார் பொண்ணு வளைகாப்பு, ஊர்த் திருவிழா, பிள்ளைங்க லீவுன்னு வரிசையா வந்து 1.8 கிலோ ஏறிடுச்சு. எங்க குரூப்ல ஒவ்வொருத்தர் எடையையும் சத்தமா படிப்பாங்க. அதுக்குப் பயந்து காய்ச்சல்னு பொய் சொல்லிட்டு மூணு வாரமா போகல. வீட்டுக்காரர் "வீட்லயே மெஷின் இருக்கு, நீயே பாத்து குறைக்க மாட்டியா, அதுக்கு எதுக்கு ஃபீஸ் கட்டி ஒரு கூட்டம்"னு கேக்குறார். திரும்பப் போகவா, இல்ல விட்டுடவா?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: வர்ற சனிக்கிழமையே போம்மா. எடை குறையட்டும் அப்புறம் போகலாம்னு மட்டும் காத்திருக்காதே, அந்தக் காத்திருப்புலதான் பாதிப் பேர் நின்னுடறாங்க.

முதல்ல அந்த 1.8 கிலோவைப் பத்தி பேசிடலாம். ஒரு கிலோ கொழுப்பு உடம்புல சேரணும்னா தேவைக்கு மேல சுமார் 7,700 கலோரி உள்ள போகணும். அப்போ 1.8 கிலோவும் கொழுப்பாவே இருக்கணும்னா கிட்டத்தட்ட 14,000 கலோரி கூடுதலா சாப்பிட்டிருக்கணும், பந்திச் சாப்பாடு எவ்வளவு பலமா இருந்தாலும் ரெண்டு மூணு விசேஷத்துல அது அவ்வளவு சுலபமில்ல. ஊறுகாய், அப்பளம், வடைன்னு உப்பு கூடினா உடம்பு தண்ணிய பிடிச்சு வெச்சுக்கும், சோறும் இனிப்பும் கூடினா அதுல ஒரு பகுதி ஈரல்லயும் தசையிலயும் தண்ணியோட சேர்ந்து தங்கும், பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடி சிலருக்கு ஒரு கிலோவே ஏறும். இன்னொண்ணு, ஆரம்பத்துல வேகமா குறைஞ்ச அந்த 4 கிலோலயும் ஒரு பங்கு தண்ணிதான். அதனால அன்னிக்குக் கை தட்டினதையும் ரொம்பப் பெருசா எடுத்துக்க வேண்டாம், இன்னிக்கு ஏறினதுக்கும் இவ்வளவு வெட்கப்பட வேண்டாம்.

அந்தக் காய்ச்சல் பொய்யைப் பத்தி எழுதியிருந்தியே, அதைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது ஜீன் நிடெட்ச். நியூயார்க்குல குவீன்ஸ் பகுதில இருந்த குடும்பப் பெண், 1961ல அவங்க எடை 214 பவுண்டு, அதாவது 97 கிலோ. நகராட்சி நடத்தின உடல் பருமன் கிளினிக்குக்கு வாரா வாரம் போனாங்க, டயட் சார்ட் குடுத்தாங்க, எடையும் குறைஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. ஆனா வீட்ல பிஸ்கட்டை ஒளிச்சு வெச்சு சாப்பிடுற பழக்கம் மட்டும் போகல, அதைக் கிளினிக்ல சொல்லவும் வாய் வரல. கடைசில தன்னை மாதிரியே குண்டா இருந்த ஆறு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சு, இப்படி ஒளிச்சு சாப்பிடறேன்னு அவங்ககிட்ட போட்டு உடைச்சாங்க. பார்த்தா அந்த ஆறு பேர்கிட்டயும் இதே மாதிரி ஒளிவு மறைவு இருந்திருக்கு! அடுத்த வாரமும் கூடினாங்க, ஆள் சேர்ந்துக்கிட்டே போச்சு, 1963ல அதுவே வெயிட் வாட்சர்ஸ்ங்கற நிறுவனமாச்சு. அவங்க 72 பவுண்டு குறைச்சு 142க்கு வந்தாங்க, 2015ல 91 வயசுல இறந்துபோனாங்க. சார்ட் கிளினிக்லயே கிடைச்சது, உண்மையைச் சொல்ல ஒரு இடம் தோழிகள் கூடினப்பதான் கிடைச்சது. நீ எதுக்கு வெட்கப்பட்டு ஒதுங்கி நிக்கிறியோ அதைச் சொல்றதுக்காக உருவானதுதான் இந்த மாதிரி கூட்டமே.

இப்போ உன் வீட்டுக்காரர் கேட்டதுக்கு வர்றேன். அவர் கேட்டதுல தப்பு இல்ல, நல்ல கேள்விதான், அதுக்குப் பதிலும் இருக்கு. அமெரிக்கால 1999ல வெளிவந்த ஒரு ஆய்வுல ஒரு பக்கம் தனியா வந்து சேர்ந்தவங்க, இன்னொரு பக்கம் மூணு தோழர்களோ சொந்தக்காரங்களோட சேர்ந்து வந்து ஒருத்தருக்கு ஒருத்தர் துணை நிக்கவும் பயிற்சி வாங்கினவங்க. பத்து மாசம் கழிச்சு பார்த்தா குறைச்ச எடையை அப்படியே காப்பாத்தினவங்க தனியா வந்தவங்கள்ல 24 சதவீதம், சேர்ந்து வந்தவங்கள்ல 66 சதவீதம். இங்கிலாந்துல 1,267 பேரை வெச்சு ஒரு பெரிய ஆய்வு, 2017ல வந்தது. சின்னதா ஒரு ஆலோசனையும் புத்தகமும் மட்டும் வாங்கினவங்க ஒரு வருஷ முடிவுல சராசரியா 3.26 கிலோ குறைச்சாங்க, 12 வாரம் குரூப்புக்கு அனுப்பப்பட்டவங்க 4.75 கிலோ, 52 வாரம் அனுப்பப்பட்டவங்க 6.76 கிலோ. அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம சென்னையிலயே 578 பேரை வெச்சுப் பண்ணினாங்க, சுகர் வர்ற எல்லைல இருந்தவங்க. வாரா வாரம் குரூப்பா வகுப்பு, தேவைப்பட்டவங்களுக்கு மட்டும் மாத்திரை, மூணு வருஷத்துல சுகர் வர்ற வாய்ப்பு 32 சதவீதம் குறைஞ்சுது. இதை அவர்கிட்ட படிச்சுக் காட்டு, சண்டையா இல்ல, சாதாரணமா. முடிஞ்சா ஒருநாள் வாக்கிங்குக்கும் கூட்டிட்டுப் போ.

ஆனா சத்தமா எடை படிக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்கல, இதை நீ அந்தக் குரூப் நடத்துறவங்ககிட்ட சொல்லியே ஆகணும். நீ ஒருத்தி மட்டும் பயப்படறதா நினைக்காதே, 14 பேர்ல நாலு பேராவது வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடாம படுக்கறாங்கன்னு நான் நினைக்கிறேன். எடையை ஒரு அட்டைல எழுதி அவங்கவங்க கைல குடுத்தா போதும். எல்லார் முன்னாடியும் சொல்ல வேண்டியது வேற. இந்த வாரம் எத்தனை நாள் நடந்தேன், எத்தனை ராத்திரி எட்டு மணிக்குள்ள சாப்பிட்டேன், பிள்ளைங்க தட்டுல மிச்சம் வெச்சதை எத்தனை தடவை எடுத்து வாயில போட்டேன், சாயங்கால டீக்கு முறுக்கா சுண்டலா, இதெல்லாம். இது நம்ம கைல இருக்கு, மெஷின் முள்ளு நம்ம கைல இல்ல. நம்ம செய்ய முடிஞ்சதுக்குத்தான் நாலு பேருக்கு நாம கணக்கு சொல்லணும்.

என் கதையையும் சொல்றேன். ரெண்டு வருஷம் இப்படி ஒரு குரூப்ல இருந்தேன், 7 கிலோ குறைச்சேன், அப்புறம் அம்மா இறந்துட்டாங்க. காரியத்துக்கு வந்தவங்க போனதுக்கப்புறம் ராத்திரி தூக்கம் வராம எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து சாப்பிட்டேன், மூணு கிலோ ஏறுச்சு, ரெண்டு மாசம் குரூப் பக்கமே போகல, வாட்ஸ்அப்ல வர்ற மெசேஜைக் கூட பாக்காம மியூட் பண்ணி வெச்சிருந்தேன். ஒருநாள் காலைல அஞ்சே முக்காலுக்கு குரூப்ல இருந்த ஒரு அக்கா வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. எடை எவ்வளவுன்னும் கேக்கல, ஏன் வரலன்னும் கேக்கல, "செருப்பைப் போடு, பால் வாங்கப் போற தூரம் நடக்கலாம்"னு மட்டும் சொன்னாங்க. அன்னிக்கு அம்மாவைப் பத்தி அழுதுகிட்டே நடந்தேன். அதுக்கு அடுத்த வாரம் கூட்டத்துக்குப் போயிட்டேன்.

அதனால நீயும் ஒரே ஒருத்தரைப் பிடி. 14 பேர்கிட்டயும் பொய்யை ஒத்துக்கணும்னு அவசியமே இல்ல. உனக்கு யார் மேல மனசு ஒட்டுதோ அவங்களுக்கு இன்னிக்கே போன் பண்ணி, "எனக்குக் காய்ச்சல் இல்லக்கா, எடை ஏறிடுச்சு, வர வெட்கமா இருக்கு"ன்னு சொல்லிடு. சனிக்கிழமை அவங்க கூடவே மாடிப்படி ஏறு. அவங்களும் உன்கிட்ட ஏதாவது சொல்லுவாங்க பாரு.

கேள்வி: மேடம், எனக்கு வயசு 48, நாகர்கோவில். சுகருக்கு மாத்திரை எடுக்கிறேன். எங்க ஆபீஸ் பசங்க ஒரு குரூப்ல சேர்த்துவிட்டாங்க, "30 நாள்ல 10 கிலோ" சேலஞ்ச். காலைலயும் ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பதிலா அவங்க தர்ற பவுடரைக் கலக்கிக் குடிக்கணும், வாரம் எடை குறையலன்னா 200 ரூபா ஃபைன். ரெண்டாவது வாரத்துல ஒருநாள் பஸ்ல வரும்போது கை நடுங்கி வேர்த்துக் கொட்டிடுச்சு. தொடரலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம் சார், இன்னிக்கே நிறுத்திடுங்க, நாளைக்கே உங்க டாக்டரைப் பாருங்க. கை நடுக்கம், வேர்வை, படபடப்பு இதெல்லாம் சுகர் ரொம்ப இறங்கினதோட அடையாளமா இருக்கலாம். கிளிமிபிரைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க சாப்பாட்டைத் திடீர்னு குறைச்சா மருந்து அளவையும் டாக்டர் குறைச்சுக் குடுக்கணும், இல்லன்னா நீங்க வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கும்போது கூட மயக்கம் வரலாம். மறுபடி அப்படி வந்தா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கலக்கிக் குடிங்க, கால் மணி நேரத்துல சரியாகலன்னா இன்னொரு தடவை குடிங்க, அப்புறம் ஏதாவது சாப்பிடுங்க. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க, அதை டாக்டர் சொல்லட்டும்.

30 நாள்ல 10 கிலோங்கறதே ஏமாத்துற பேச்சு. வாரம் அரைக் கிலோ, கூடிப்போனா ஒரு கிலோ, அதுதான் உடம்புக்கு ஒத்துவரும். அதுக்கு மேல வேகமா போனா தசை கரையும், பித்தப்பைல கல் வர்ற வாய்ப்பும் கூடும். அமெரிக்கால 2002ல வெளிவந்த பேர்பெற்ற சுகர் தடுப்பு ஆய்வுல வெச்ச இலக்கே உடல் எடைல 7 சதவீதமும் வாரம் 150 நிமிஷம் நடையும்தான், அதுலயே சுகர் வர்ற வாய்ப்பு 58 சதவீதம் குறைஞ்சுது. 80 கிலோ ஆளுக்கு 7 சதவீதம்னா அஞ்சரைக் கிலோ. இதை ஆறு மாசத்துல பண்ணுங்க, யாரும் விரட்டல.

அந்த ஃபைன் விஷயம் எனக்குக் கோவத்தைக் கிளப்புது. காசு போயிடும்னு பயந்து எடை பாக்குறதுக்கு முன்னாடி நாள் பட்டினி கிடப்பாங்க, தண்ணி கூட குடிக்க மாட்டாங்க, அது துணை இல்ல மிரட்டல். உங்க ஊருக்குப் பக்கத்துல திருவனந்தபுரம் மாவட்டத்துல 1,007 பேரை வெச்சு ஒரு சுகர் தடுப்புத் திட்டம் நடந்துச்சு, அந்தந்த ஊர்க்காரங்களே குழுவை நடத்தினாங்க, யாரும் யாருக்கும் பவுடர் விக்கல. சுகர் வர்றது குறைஞ்சுதான்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு முடிவு கிடைக்கல, இதையும் மறைக்காம சொல்லணும், ஆனா காய்கறி பழம் சாப்பிடுறது கூடுச்சு. ஒரு குரூப்ல சேர்றதுக்கு முன்னாடி இதை மட்டும் கேளுங்க: எடை குறையலன்னா இவங்களுக்கு லாபமா நஷ்டமா, நான் பொருள் வாங்கலன்னாலும் கூட்டத்துக்கு வரலாமா, என் மருந்து லிஸ்ட்டை யாராவது கேட்டாங்களா. உங்ககிட்ட அந்த மூணாவதைக் கேக்கவே இல்லைன்னு நினைக்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்க புதுக்கோட்டை பக்கம் கிராமம். ஜிம், குரூப் எதுவும் கிடையாது. மகளிர் குழுவுல இருக்கிற நாங்க அஞ்சு பேர் சேர்ந்து எடை குறைக்கலாம்னு நினைக்கிறோம். எப்படி ஆரம்பிக்கிறது?
— ஒரு மகளிர் குழு உறுப்பினர்

பதில்: உங்ககிட்ட பாதி வேலை ஏற்கனவே முடிஞ்சுது. வாரா வாரம் கூடுறீங்க, நோட்டு போட்டு கணக்கு எழுதுறீங்க, ஒருத்தி பணம் கட்டலன்னா வீட்டுக்குப் போய் என்ன ஏதுன்னு விசாரிக்கிறீங்க. டவுன்ல ஃபீஸ் கட்டி இதைத்தான் வாங்குறாங்க.

அஞ்சு பேரும் காசு போட்டு ஒரு எடை மெஷினும் தையல்காரர் வெச்சிருக்கிற மாதிரி ஒரு டேப்பும் வாங்குங்க. மெஷினைப் பாய் மேலயோ மண் தரையிலயோ வைக்காம கெட்டியான சிமென்ட் தரைல வைங்க, இல்லன்னா எடை மாறி மாறிக் காட்டும். காலைல வெறும் வயித்துல, ஒரே நேரத்துல பாருங்க. நம்ம ஊர்ப் பெண்களுக்கு இடுப்புச் சுத்தளவு 80 சென்டிமீட்டருக்கு மேல போனாலே கவனிக்கணும், நிறைய பேருக்கு எடை நிக்கும்போது கூட இடுப்பு குறையும், அதனால மாசம் ஒருக்கா டேப்பையும் எடுங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அஞ்சு பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகரும் பிரஷரும் பாத்துடுங்க, யாராவது மாத்திரை சாப்பிட்டா மேல அந்த அண்ணனுக்கு எழுதினதைப் படிங்க. நடக்கறதை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, ரெண்டு ரெண்டு பேரா வெச்சுக்கோங்க. எண்ணெயை வாரத்துக்கு இவ்வளவுன்னு தனி பாட்டில்ல அளந்து ஊத்தி வைங்க, எவ்வளவு செலவாகுதுன்னு அப்போதான் கண்ணுக்குத் தெரியும்.

சேமிப்பு நோட்டுலயே கடைசிப் பக்கத்துல அஞ்சு பேர் பேரையும் எழுதி, நடந்த நாள், எண்ணெய் அளவு, மனசு எப்படி இருக்குன்னு மூணு கட்டம் போடுங்க. எடையை வேற நோட்டுல தனித்தனியா வெச்சுக்கோங்க. மூணாவது கட்டத்தைக் காலியா விடாதீங்க, யாருக்காவது அதுல ரெண்டு வாரம் தொடர்ந்து "சரியில்ல"ன்னு இருந்தா அன்னிக்கு அவ வீட்டுக்கே போய்க் கூட்டத்தை நடத்துங்க.