ஜூலைக் குளிரைத் தாங்கிய கோதுமை அக்டோபர் உறைபனியில் ஏன் வெளுக்கிறது?

தென்னாப்பிரிக்காவில் (அங்கே ஜூலைதான் குளிர்காலம்) பெத்லஹேம் பக்கம் மானாவாரியில் போட்ட குளிர்காலக் கோதுமை ஜூலையில் மைனஸ் 8 டிகிரிக்கும் அசரவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் மைனஸ் 2-க்கே கதிர் வெளுத்துவிட்டது, விதை கலப்படமா என்று கேட்கிறீர்கள். விதையைச் சந்தேகிக்க இது போதாது. இளம்பயிர் குளிரைத் தாங்குவது ஒரு குணம், கதிர் தாங்குவது வேறு குணம்.

முதல் குணத்தின் பெரும்பங்கு கோதுமையின் 5ஏ குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கிறது. அங்கே எஃப்ஆர்-2 என்ற இடத்தில் சிபிஎஃப் மரபணுக்கள் கொத்தாக அமர்ந்திருக்கின்றன. ஐன்கார்ன் என்ற பழங்காலக் கோதுமையில் மட்டும் 11 எண்ணியிருக்கிறார்கள். குளிர் தட்டியதும் இவை முடுக்கிவிட, செல் உலர்ந்து சிதையாமல் காக்கும் டிஹைட்ரின் புரதங்கள் உருவாகின்றன, சர்க்கரையும் சேர்கிறது. சிபிஎஃப்-14 பல பிரதிகளாக உள்ள ரகங்கள் கடுங்குளிரில் கூடுதலாகப் பிழைக்கின்றன. ஆனால் பயிர் இப்படிப் பதப்படச் சில வாரங்கள் மிதமான குளிர் வேண்டும். கதகதப்பான வாரத்துக்குப் பின் திடீரென விழும் உறைபனி நல்ல ரகத்தையும் வாட்டிவிடும்.

அதே கரத்தில்தான் விஆர்என்-1 மரபணுவும் இருக்கிறது. குளிர்த்தேவை (பூக்கும் முன் பயிருக்கு வேண்டிய குளிர்க்காலம்) நிறைவேறியதும் அது விழித்துப் பயிரைக் கதிர்ப் பக்கம் திருப்புகிறது, அதோடு பதப்படும் திறன் இறங்கத் தொடங்குகிறது. கோதுமையின் ஏ, பி, டி என்ற மூன்று குரோமோசோம் தொகுதிகளிலும் இந்த மரபணுவின் ஒடுங்கு வடிவம் இருந்தால் அது குளிர்காலக் கோதுமை. ஒன்றில் ஓங்கு வடிவம் வந்தாலே வசந்த வகை. ஏ தொகுதியில் வந்தால் குளிர்த்தேவையே போய்விடும். பி அல்லது டி-யில் மட்டும் வந்தால் கொஞ்சம் மிஞ்சும்.

தண்டு நீண்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கதிருக்கு உதவாது. இரண்டு மணி நேரம் நீடித்தால் சேதம் தரும் வெப்பநிலை, தூர் கட்டும்போது சுமார் மைனஸ் 11, கணு விடும்போது மைனஸ் 4, தொண்டைக்கதிரில் (கதிர் இலை உறைக்குள் இருக்கும் பருவம்) மைனஸ் 2, பூக்கும்போது மைனஸ் 1. கதிரைக் காக்கும் பெரிய மரபணு என்று நம்பிப் பிடிக்க இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே பூக்கும் தேதிதான் உங்கள் கவசம். அதை விஆர்என் மரபணுக்களும், பகல் நீளத்தை உணரும் பிபிடி-டி1-உம் (2டி குரோமோசோம்) தீர்மானிக்கின்றன. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகத்தை முன்கூட்டி விதைத்தால் உறைபனிக் காலத்திலேயே பூத்து நிற்கும். தள்ளிப்போட்டால் மண்ணில் சேமித்த ஈரம் தீர்ந்து, மணி வெயிலில் சுருங்கும். பூக்கும் நாள் வேறுபடும் இரண்டு ரகங்களைப் பிரித்துப் போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வானிலை நிலையம் சொல்லும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். காற்றில்லாத, மேகமில்லாத இரவில் கதிர் மட்டத்தில் சில டிகிரி குறைவாகவே இருக்கும், பள்ளத்தில் இன்னும் மோசம். வெப்பமானியைக் கதிர் உயரத்தில், மூடியில்லாமல் கட்டுங்கள்.

சேதம் பார்க்க மறுநாளே ஓடிப் பயனில்லை, ஒரு வாரம் பொறுங்கள். பூக்காத கதிரென்றால் பூவைப் பிரித்து லென்ஸில் மகரந்தப்பையைப் பாருங்கள். இளம்பச்சையாகப் புடைத்திருந்தால் உயிருண்டு. முறுக்கி வெளுத்திருந்தால் அந்தப் பூவில் மணி பிடிக்காது. சூலகம் பிழைத்திருந்தாலும் மகரந்தம் போனால் போனதுதான். கணு விடும் பயிரில் தண்டை நெடுக்காகக் கீறி, மேல் கணுவுக்குச் சற்று மேலே உள்ள குருத்தைப் பாருங்கள்: பழுப்பாகிக் குழைந்திருந்தால் அந்தத் தூர் கதிர் விடாது. பள்ளம், மேடு, நடு என்று தனித்தனியாக எடுத்து எண்ணுங்கள். பாதிக்கு மேல் போயிருந்தால், தண்டு முற்றுவதற்குள் அறுத்துத் தீவனமாக்குவது பற்றி உடனே கணக்குப் போடுங்கள்.