பெட்ரோல் இன்ஜின் சத்தத்தை ரசித்தவர்கள் இனி என்ன செய்வது?

கேள்வி: எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் போட்ட டாட்ஜ் சேலஞ்சர் காரை நிறுத்திவிட்டார்கள். மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63-லேயே நாலு சிலிண்டர் இன்ஜின் வந்துவிட்டது. இனி வருவதெல்லாம் சத்தமில்லாத எலெக்ட்ரிக். இன்ஜின் சத்தத்துக்காகவே கார் ஓட்டுகிற என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

பதில்:

முதலில் ஒன்று. நீங்கள் சேலஞ்சர் வைத்திருப்பவர் இல்லை. அந்த வண்டியை நம் நாட்டில் கம்பெனி விற்றதே கிடையாது. என் ஊகம் இதுதான்: பெங்களூரில் வேலை, சொந்த ஊர் நம் பக்கம், வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூர் நெரிசலைத் தாண்டி வீட்டுக்கு வருகிறவர். கையில் ஒரு பழைய போலோவோ சிட்டியோ இருக்கிறது. வீட்டில் "அதைத் தள்ளிவிட்டு எலெக்ட்ரிக் ஒண்ணு வாங்கேன்" என்று நச்சரிக்கிறார்கள். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். சரியாக இருந்தால் மேலே படியுங்கள். பாதிக்கு மேல் என் சொந்தக் கதைதான், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் தர்மபுரியில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். 2010-ல் செகண்ட் ஹேண்டில் எடுத்தது. 106 குதிரைத் திறன். இன்றைய கணக்குக்கு அது ஒன்றுமே இல்லை, தெரியும். ஆனால் அந்த இன்ஜினை ஓட்டியவர்களுக்குத்தான் புரியும். கீழே சாதுவாக முனகிக்கொண்டே வரும். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிற ஆர்பிஎம் முள் மேலே ஏறும்போது ஓரிடத்தில் ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி, அதுவரை சும்மா சுற்றிக்கொண்டிருந்த பெரிய கேம், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கிற மேடு, வால்வுகளைப் பிடித்துக்கொள்ளும். வால்வு இன்னும் ஆழமாக, இன்னும் நேரம் திறக்கும். அந்த நொடியில் வண்டியின் குரலே உடையும், பத்தாவது படிக்கிற பையனுக்கு உடைகிற மாதிரி. அதைக் கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் வரைக்கும் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். மீன்கூட வாங்காமல். என் மனைவி இன்றுவரை அதை நம்பவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். 2013-ல் எனக்கு அது போதவில்லை. பெங்களூர் போய், சத்தத்தை அடக்காமல் புகையைத் தாராளமாக வெளியே விடுகிற ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டினேன். 18,000 ரூபாய். ஸ்டார்ட் பண்ணினால் தெரு முனையில் நாய் எழுந்து நிற்கும். பென்னாகரத்து டீக்கடையில் ஒரு பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சைலன்சர் ஓட்டைங்களா தம்பி? அடைச்சுக் குடுக்க நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே பாவப்பட்டார். அதுதான் வலித்தது. 18,000 கொடுத்து வாங்கிய ஓட்டை.

இந்த இடத்தில் ஒருத்தர் வந்து "ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தூங்குகிற குழந்தை" என்று ஆரம்பிப்பார். ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஒகேனக்கல் காட்டில் யானை இருக்கிறது, அதற்கும் காது இருக்கிறது. அப்போது எனக்கு அந்த யோசனை வரவில்லை. இப்போது வருகிறது. மேலே போகலாமா?

சைலன்சர் மாட்டி நாலைந்து மாதம் இருக்கும். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். தொப்பூர் கணவாய் ஏற்றம். மூன்றாவது கியரில் மிதித்தால் மலை திருப்பிப் பேசும். அந்த ஆனந்தத்தில் போய்க்கொண்டிருக்கிறேன், திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. வெடிச் சத்தம் இல்லை, புகை இல்லை. ஒரு 'டக்'. அப்புறம் டயர் உருளும் சத்தம் மட்டும். ஓரம் கட்டி சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் எந்தத் தடையும் இல்லாமல் லொடலொடவென்று சுற்றுகிறது. பார்ட்ஸ் கடைக்காரன் எனக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று உடனே தெரிந்துவிட்டது.

எதிர்ப்பக்கம் இறங்குகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு ரிகவரி வண்டிக்காக ராத்திரி பதினொரு மணி வரை நின்றேன். சில டிரைவர்கள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குவார்கள், பிரேக் சூடாகிப் போய் முன்னால் போகிற வண்டிமேல் ஏறுவார்கள். அந்தக் கணவாயில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் பாலக்கோடு ரோட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் டைமிங் கவரைக் கழற்றினார். கேமைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் சுற்றவைப்பது டைமிங் பெல்ட். அந்த இன்ஜினில் குளிர்விக்கிற தண்ணீரை ஓட்டும் வாட்டர் பம்பையும் அதுதான் சுற்றுகிறது. பம்ப் பேரிங் தேய்ந்து ஆடி, கடைசியில் இறுகிப் பிடித்து, பெல்ட்டின் பல்லைச் சீவிவிட்டது. கேம் நின்றது, பிஸ்டன் நிற்கவில்லை, திறந்தபடி நின்ற வால்வுகளில் போய் இடித்தது. பதினாறு வால்வில் பன்னிரண்டு வளைந்துவிட்டது. அண்ணன் பம்பைக் கையில் வைத்து ஆட்டிக் காட்டினார். கடகடவென்றது.

"இது குறைஞ்சது ஒரு மாசமாவது கத்தியிருக்கும் தம்பி. நீங்க அதைவிடச் சத்தமா கத்திக்கிட்டு இருந்திருக்கீங்க."

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், இந்த மாதிரி யாரும் திட்டியதில்லை. ஏனென்றால் அதற்கு முன்னால் நான் அந்த வண்டியை ஓட்டியதே காதால்தான். கியர் மாற்ற ஆர்பிஎம் முள்ளைப் பார்த்ததே இல்லை. ஏசி கம்ப்ரசர் சேர்ந்தால் தெரியும், ஒரு பிளக் சோம்பினால் தெரியும், டேப்பட் இடைவெளி கூடினால் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போதே தெரிந்துவிடும். நான் ரசித்தேன் என்று சொன்னேனே, அது இதைத்தான். பெரிய குழாயை மாட்டியதும் அத்தனையும் மூடிக்கொண்டது. கேட்டதெல்லாம் குழாயின் சத்தம். இன்ஜினின் சத்தமே இல்லை.

"பார்ட்ஸ் கடைக்காரனே பெல்ட் மாற்றவில்லையா?" என்று கேட்பீர்கள். ஆமாம், மாற்றவில்லை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் "பெல்ட் மாத்தும்போதே பம்பையும் சேர்த்து மாத்திடுங்க" என்று உபதேசம் செய்தவன் நான்தான். சைலன்சருக்கு 18,000 இருந்தது, பெல்ட்டுக்கு மனசு வரவில்லை. வளைந்த வால்வுகளைச் சரிசெய்கிற ஹெட் வேலை 42,000-ல் முடிந்தது. கடைக்காரன் விலையில்.

பழைய சைலன்சரையே திரும்ப மாட்டிவிட்டேன். நல்லதாகப் போயிற்று. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருஷம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, சத்தம், புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று வைத்தார்கள். பிடிக்கிறார்களா என்பது வேறு விஷயம். ஏர் ஹாரன் வைத்த பஸ் ஒன்று தினமும் காலை ஏழு மணிக்கு என் கடை வாசலில் என் ஈரலைக் குலுக்கிவிட்டுப் போகிறது, அதை ஒருத்தரும் நிறுத்தியதில்லை.

பஸ் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் மாவட்டத்தில் இவ்வளவு கார் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். வேறு என்ன செய்வது? மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-லேயே சின்ன ரயில் ஓடியது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அதற்கு ஒரு வருஷம் முன்னால். இரண்டையும் இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மூடினார்கள். போர் முடிந்து எவ்வளவு காலம் ஆகிறது? என் மாமியார் வீடு கிருஷ்ணகிரி. மாவட்டத் தலைநகரம், மாங்கூழ் கப்பலில் போகிறது, ஊருக்குள் ரயில் வராது. நாங்கள் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டு வழியாக மொரப்பூர் போக வேண்டும். நான் பெட்ரோல் எரிப்பதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறவர்கள் முதலில் அந்தத் தண்டவாளத்தைப் போட்டுவிட்டு வரட்டும். சரி, இது உங்கள் கேள்வியில் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சத்தத்தை எலெக்ட்ரிக் கார் கொன்றுவிட்டது என்கிறீர்கள். இல்லை, அது செத்து நாளாயிற்று. டர்போ என்பது சைலன்சருக்குப் போக வேண்டிய காற்றின் வேகத்தையே பிடுங்கி ஒரு விசிறியைச் சுற்றுகிற சாமான். சத்தத்தில் பாதி அங்கேயே போய்விடும். அதற்குப் பின்னால் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். ஐரோப்பிய வண்டிகளில் பெட்ரோலுக்கும் புகைத்துகள் ஃபில்டர் வைத்துவிட்டார்கள், அது இன்னொரு தலையணை. நாலு சிலிண்டரை மூன்றாக்கினார்கள், வெடிப்புக்கு வெடிப்பு இடைவெளி 180 டிகிரியிலிருந்து 240 ஆனது, வேறு குரல் வந்தது. ஃபார்முலா ஒன்னிலேயே 2014-ல் வி8 போய் 1.6 லிட்டர் டர்போ வி6 ஹைப்ரிட் வந்தபோது காதில் பஞ்சு வைக்காமல் ரேஸ் பார்க்கலாம் என்று ஆகி, ரசிகர்கள் ஒப்பாரி வைத்தார்கள். 2011-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5-ல் இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டார்கள். உள்ளே நிஜமான வி8 இருக்கும்போதே! இப்போது டாட்ஜ் தன் 'சார்ஜர்' என்கிற எலெக்ட்ரிக் காரில் பொய்ச் சத்தத்துக்குப் பெட்டி வைத்திருக்கிறது, ஹுண்டாய் ஐயோனிக் 5 என்-ல் இல்லாத கியர் மாறுகிறது என்று சிரிக்கிறோம். பொய்யை ஆரம்பித்து வைத்தது பெட்ரோல் கார்தான்.

இந்த ஒப்பாரியை நாம் ஏற்கெனவே ஒரு முறை வைத்தாயிற்று. ஓசூரில் செய்த டிவிஎஸ் சுசுகி ஷோகன் ஞாபகம் இருக்கிறதா? அந்த டூ ஸ்ட்ரோக் அலறல் கேட்டால் நாங்கள் காலேஜ் மதில்மேல் ஏறிப் பார்ப்போம். புகை விதி வந்தது, அந்த ரகமே போனது. இனி பைக் ஓட்டுவதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு வசனம் பேசிய என் நண்பன் இன்றைக்கு ஸ்கூட்டரில்தான் பிள்ளையை டியூஷனுக்கு விடுகிறான். அதே மாவட்டத்தில், ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்கிறார்கள்.

அப்படி ஒரு எலெக்ட்ரிக் கம்பெனியில்தான் என் அக்கா மகன் வேலை பார்க்கிறான். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், எனக்கு அவர்கள் ஒரு பைசா தரவில்லை. போன வருஷம் அவன் வாங்கிய எலெக்ட்ரிக் காரை எடுத்துக்கொண்டு இருவரும் சேலம் போனோம். நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. தொப்பூர் இறக்கத்தில் அவன் காலை எடுத்தான், வண்டி தானே பிடித்துக்கொண்டு இறங்கியது. மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பிடிக்கிறது. பிரேக்கைத் தொடவே இல்லை. கீழே போய்ப் பார்த்தால் சார்ஜ் ஒரு சதவீதம் கூடியிருந்தது. பக்கத்தில் லாரிகள் பிரேக் வாடை அடிக்க இறங்கிக்கொண்டிருந்தன.

நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று சொல்லத்தான் மனசு வரவில்லை. மிதித்தால் பாய்கிறது, ஆனால் பாய்வதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுக்கவில்லை. அந்த மூச்சுக்குத்தானே நான் பென்னாகரம் வரைக்கும் போனேன்.

திரும்பி வரும்போது ஏற்றத்தில் நான் ஓட்டினேன். பாதி மலையில் பின்பக்கம் இடது புறத்தில் ஒரு சத்தம். டிக், டிக், டிக். வேகத்தோடு கூடுகிறது, வேகத்தோடு குறைகிறது. ஓரம் கட்டச் சரியான இடம் வந்ததும் இறங்கி, போன் வெளிச்சத்தில் டயரைத் தடவினேன். பள்ளத்தில் ஒரு ஜல்லிக்கல். சாவியால் நெம்பி எடுத்தேன்.

"மாமா, இது எப்படிக் கேட்டுச்சு உங்களுக்கு? நான் காலையிலேர்ந்து ஓட்டறேன்."

என்ன பதில் சொல்வது? "கேட்டுச்சுடா" என்றேன்.

சிட்டி இன்னும் இருக்கிறது. இப்போது பங்கில் கிடைக்கிற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் எல்லா ஹோஸையும் மாற்றிவிட்டேன். 20 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தை 2025-ல் 10,000 ஆக்கினார்கள், அதையும் திட்டிக்கொண்டே கட்டுவேன். விற்கிறேனா என்று யாரும் மெசேஜ் அனுப்ப வேண்டாம். நீங்களும் உங்கள் வண்டியை விற்காதீர்கள். தினசரி ஓட்டத்துக்கு வீட்டில் சொல்கிறபடி எலெக்ட்ரிக் வாங்கிக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். பழையதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கம்பெனி சைலன்சரோடு.

அப்புறம், உங்கள் வண்டியில் டைமிங் பெல்ட்டாக இருந்து, கம்பெனி சொன்ன கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பம்பையும் சேர்த்து. நான் கடை வைத்திருக்கிறேன் என்பதற்காகச் சொல்லவில்லை.