தரகர் 2 சதவீதத்துக்கு மேல் ஜிஎஸ்டியும் கேட்கிறார், கொடுக்க வேண்டுமா?

பில் தராதவருக்கு, ஜிஎஸ்டி என்று அவர் கேட்கும் அந்த 25,200 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மடிப்பாக்கம் ஃபிளாட் 70 லட்சத்துக்கு முடிந்தது, 2 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, பாக்கி 1,40,000 மட்டும்தான்.

பெரும்பாலும் அவர் ஜிஎஸ்டியில் பதிவே செய்திருக்க மாட்டார். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாத தரகருக்குப் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் வரி என்று சொல்லி வாங்கவும் கூடாது.

15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது, ரத்தாகிவிட்டதா என்பது தெரிந்துவிடும். எண் சரியாக இருந்து, "வரி தனி" என்று அவர் முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால், சரி, கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

2 சதவீதம் என்பதே சட்டம் போட்ட கணக்கு இல்லை. சென்னையில் பழைய வீட்டுக்கு ஒன்று முதல் இரண்டு வரை, விற்பவர் வாங்குபவர் இருவரிடமும் வாங்குவது வழக்கம், அவ்வளவுதான். அடுத்த முறை முதலிலேயே பேரம் பேசுங்கள்.

அப்புறம், பணத்தைப் பத்திரப்பதிவு அன்று வங்கி வழியாகக் கொடுங்கள். மூலதன ஆதாயக் கணக்கில், அதாவது வீடு விற்ற லாபத்துக்கு வரி போடும்போது, தரகைக் கழிக்கலாம், அதற்கு ரசீது வேண்டும். அதிலேயே "வேறு யாருக்கும் பங்கில்லை" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். எங்கள் வீடு விற்றபோது, சாவி வாங்கிக் கதவைத் திறந்து காட்டியவரும் கமிஷன் கேட்டு வந்து நின்றார்.