டார்ச் ஒல்லியாக, செல் பெரிதாக!

கேள்வி: ராத்திரி மும்முனை கரண்ட் வந்தால் மஞ்சள் காட்டுக்குத் தண்ணி கட்டப் போகிறேனுங்க. சட்டைப் பையில் பேனா மாதிரி நிற்கிற டார்ச் வேண்டும், ஆனால் 21700 லித்தியம் செல் போடுகிற மாதிரி. ஏன் கிடைப்பதே இல்லை?
– கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: ஆசை நியாயம்தானுங்க, கணக்குதான் இடிக்கிறது. 21700 என்றால் 21 மில்லிமீட்டர் தடிமன், 70 மில்லிமீட்டர் நீளம். அதன் மேல் அலுமினியக் குழாய், மரை எல்லாம் சேர்ந்தால் எப்படிக் கடைந்தாலும் 23, 24 வந்துவிடும், அப்புறம் பேனாவாவது ஒன்றாவது. 18650 செல்லுக்கு இறங்குங்கள். 3 மில்லிமீட்டர் மிச்சம். கொள்ளளவு 5000 மில்லியாம்பியர் மணியிலிருந்து 3500 அளவுக்குக் குறையும், ஆனால் மடை திருப்பவும் வரப்பில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்கவும் அது தாராளம். தலை அகலாமல் நேர்க்குழாயாக இருக்கிற மாடலாக எடுங்கள், குனியும்போது பையில் உறுத்துவது பெரும்பாலும் தலைதான்.

அதைவிட ஒல்லி வேண்டுமென்றால் 14500, நம் பென்டார்ச் செல் அளவு. கொள்ளளவு ஏறக்குறைய 1000 மில்லியாம்பியர் மணிதான். அளவு சரியாக இருக்கிறதே என்று பழைய 1.5 வோல்ட் டார்ச்சில் இதைப் போட்டுவிடாதீர்கள், முழு சார்ஜில் 4.2 வோல்ட், பல்பு போய்விடும்.

18650 செல்லில் 9900 மில்லியாம்பியர் மணி என்று அச்சடித்து விற்பது சுத்தப் புளுகு. நல்ல செல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். மளிகைக்கடைத் தராசிலேயே வைத்துப் பார்த்துவிடலாம்.