முதியோர் இல்ல ஆய்வு: மேலாளர் காட்டும் ஆட்கள் போதுமா?

10 இல்லங்கள், தலா 20 பேர், ஆட்களை மேலாளரே காட்டுவார், இது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. அவர் காட்டுவது நன்றாகப் பேசுகிறவர்களைத்தான். படுத்த படுக்கையாக இருப்பவரும் மறதிநோய் உள்ளவரும் விடுபட்டுப்போவார்கள். பெயர்ப் பட்டியலை வாங்கி நீங்களே குலுக்கிப் போட்டு எடுங்கள். மறுத்தவர்களையும் குறித்து வையுங்கள்.

அப்புறம், ஒரே இல்லத்தில் இருப்பவர்களின் பதில்கள் ஓரளவு ஒத்துப்போகும். அந்த ஒத்துப்போகும் அளவை உள்தொடர்பு என்பார்கள். அது 0.05 என்றாலே, ஓர் இல்லத்தின் 20 பேரில் ஒருவரைக் கழித்து, 1 + 19 × 0.05 = 1.95. 200-ஐ இதால் வகுக்க வேண்டும். அதாவது உங்கள் 200 பேர் சுமார் 103 பேருக்குத்தான் சமம். 20 இல்லம், தலா 10 பேர் என்று மாற்றினால் அதே 200 பேர் சுமார் 138 ஆகும். அலைச்சல்தான், தெரியும்.

ஒரே நாளில் கணக்கெடுத்தால் நெடுநாள் தங்கியவர்களே அதிகம் சிக்குவார்கள். இல்லத்தில் சேர்ந்த தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள்.